தாலாட்டுக் குழாய்

யோசெப்பின் என்னும் அக்கா தன் மஸ்டாங் காருக்குத் தாலாட்டுப் பழக்குகிறாராம். ரொக்ஸ்பரோவில் கிளம்பிய இந்தக் கதை லவால் போய்ச் சேர்வதற்குள், கார் ஆராரோவே பாடத் தொடங்கிவிட்டது. விசாரித்ததில் பாதி உண்மை. மற்றப் பாதி அதைவிட மோசம்.

புவாண்ட்-கிளேர் மருந்தகத்தில் காலமெல்லாம் அடுத்தவர் இருமலுக்கு மருந்து கொடுத்த யோசெப்பின், ஓய்வுபெற்ற கையோடு இருமுகிற காரொன்றை வாங்கினார். கன்னிப்பருவத்து ஆசை. அது உறுமினால் பக்கத்து வீட்டுத் தனுஷாவின் கைக்குழந்தை வீரிட்டு எழும்பும். ஒருநாள் தனுஷா வேலிக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, ஒண்டில் நீங்கள் வந்து பிள்ளையை ஆட்டுங்கோ. இல்லாட்டிக் காரை வித்துப்போடுங்கோ."

"காரின்ரை புகைக்குழாயை மாத்திறன். பேந்தும் எழும்பினால் விக்கிறன். எழும்பாட்டி?"

"ஒரு சட்டி கணவாய்க் கறி."

வாக்குக் கொடுத்தாயிற்று. என்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவே ஓடும் இரட்டைக் குழாயில்தான் குரலின் சூட்சுமமாம். எக்ஸ் எழுத்தாய்ப் பின்னிக்கொள்வது ஒரு வகை. எச் எழுத்தாய்க் குறுக்கே கைகோப்பது மற்றது. யோசெப்பின் நடத்தும் தேவாலயப் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் இரண்டின் ஒலிப்பதிவையும் போட்டு உடனே வாக்கெடுப்பு. கைபேசியின் கடுகளவு துவாரத்தில் வி-எட்டு என்ஜினைக் கேட்டு, எல்லோரும் எக்ஸுக்குக் கைதூக்கினார்கள். எதிர்வீட்டுச் சென்னைப் பொறியாளர் நாகசுப்பிரமணியனும் சேர்ந்துகொண்டார்.

"எக்ஸ் போடுங்க மேடம். பவர் சும்மா எகிறும்."

"தம்பி, எனக்குப் பவர் வேண்டாம். கணவாய் வேணும்."

லவால் கராஜில் இரு வகையும் பூட்டிய கார்கள் நின்றன. மெக்கானிக் இரண்டையும் முடுக்க, யோசெப்பின் பாட்டுப் பயிற்சியில் நிற்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். எக்ஸ், பாடகர் குழுவில் தவக்காலத்திலும் அடங்காமல் உச்சத்தில் பாடும் றொஷினியேதான். எச், அடிவயிற்றிலிருந்து எழும் கீழ்க்குரல்.

"எச். சத்தத்தை விழுங்கிற உருளையும் சேர்த்துப் பூட்டுங்கோ" என்றார் பிரெஞ்சில். கண் திறக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். தனுஷா யன்னலைத் திறந்து, தொட்டிலருகே நீதிபதிபோல் நின்றாள். மஸ்டாங் வந்து வாசலில் நின்று முனகியது. குழந்தை உதட்டைப் பிதுக்கியது. மாதாவைக் கூப்பிட்டார் யோசெப்பின். குழந்தைக்கு ஒரு நெடிய கொட்டாவி, பிறகு நித்திரை. வென்ற கையால் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். வீரிட்டது குழந்தை!

"ஐயோ அக்கா, நிப்பாட்டாதேங்கோ! இன்னொருக்காச் சுத்திக்கொண்டு வாங்கோ!"

இப்போது மத்தியானந்தோறும் மஸ்டாங் தெருவை வலம் வருகிறது, தேர்போல. காரை விற்கச் சொல்ல ஒரு நாவும் இல்லை.

"கணவாய் எங்கையடி?"

"பிள்ளை படுக்கட்டும் அக்கா, அடுப்பை மூட்டிறன்."

பிள்ளை படுக்கிறது. கூடவே தனுஷாவும் படுத்துவிடுகிறாள். கணவாய் இன்னும் ஃப்ரீசரில்.