மருத்துவர் அடித்துவிட்ட வரி

கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் எனக்கு அழுகை வரவில்லை. இலங்கை மலையகத்தில் பூண்டுலோயா பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு காலை வேலைக்குக் கிளம்பச் சட்டை போட்டார், கட்டிலில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். வட்டகொடையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடுதான் நாத்தனாருக்கு. தினமும் வந்து என் முகத்தைப் பார்ப்பாள்.

“அழுதுருங்க அண்ணி. உள்ளுக்குள்ளயே வச்சிருந்தா நோய் வருத்தம் வந்துரும்.”

உள்ளுக்குள் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டேன். படுக்கச் சொன்னால் படுத்தேன். அழுகை வராதது மட்டும் பயமாக இருந்தது.

அப்போதுதான் என்னோடு படித்தவள், இங்கிலாந்தில் ஒரு நூலகத்தில் வேலை பார்ப்பவள், அங்கிருந்து எனக்குப் போன் எடுத்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு மருத்துவர் தன் கைப்பட எழுதிய கவிதைத் தொகுதி இருக்கிறதாம். பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவாள்; நான் தட்டச்சு செய்து தரவேண்டும்.

“நீ இங்கிலீஷ் டீச்சர்தானே, பழைய எழுத்து ஒனக்குச் சீக்கிரம் பழகிடும். சும்மா ஒக்காந்திருக்காத.”

சரி என்றேன். மறுக்கவும் தெம்பு வேண்டியிருந்தது.

அந்த மருத்துவர் குவேக்கர். பாதிரியாரோ பாட்டோ இல்லாமல், கூடி உட்கார்ந்து மௌனமாக ஜெபிக்கிற கிறிஸ்தவர்கள் என்று தோழி விளக்கினாள். சாய்ந்து ஓடும் கையெழுத்து. ஆப்பிள் மரம், மூடுபனி, நோயாளியைப் பார்க்கக் குதிரையில் போன பாதை. கிழமைகளுக்குப் பெயர் எழுதாமல் முதலாம் நாள், இரண்டாம் நாள் என்றே போட்டிருந்தார். எனக்கும் அந்த வாரங்களில் கிழமைகள் அப்படித்தான் போயின.

பாதிக்கு மேல், மனைவி இறந்ததைப் பற்றிய கவிதை வந்தது. தான் அழுததாக ஒரு வரி எழுதி, அதன் குறுக்கே கோடு கிழித்திருந்தார். அதற்கு மேலே பொடி எழுத்தில், அன்று மதியம் ஒரு பிரசவம் பார்க்கப் போனதாக எழுதியிருந்தார். அடித்த வரியையும் விடக்கூடாது என்று தோழி சொல்லியிருந்தாள். இரண்டையும் பதிந்துவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தாள்.

“என்னா அண்ணி, அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?”

தமிழில் சொன்னேன்.

“அழவே இல்லையோ என்னமோ. அதான் பொய்யினு அடிச்சிட்டாரா?”

“இருக்கும்.”

“அந்தப் பிரசவத்துக்குப் போனாரே, புள்ள பொழச்சிச்சா?”

“அத எழுதல.”

அவள் கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். “அண்ணன் அன்னைக்கு டீத்தண்ணி கூட குடிக்கல அண்ணி” என்றவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் கை தடவுவதை யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றும் எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் வரவில்லையே என்ற பயம் மட்டும் விட்டுப்போயிருந்தது.

அவள் போனபிறகு ரொட்டியைச் சாப்பிட்டேன். அடுத்த பக்கத்தில், மூட்டுவலிக்காரக் கிழவர் ஒருவரைக் கேலி செய்து ஒரு பாட்டு. அதையும் தட்டச்சு செய்தேன்.