மச்சானின் கபுருக்குள் இறங்கிய ஹுனைஸ்

தில்லையடியில் ஓட்டோ ஓடும் ஹுனைஸுக்கு மௌத் என்ற சொல்லே ஆகாது. தொழுகை இல்லாத நேரத்தில் பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தால், யாரோ போய்விட்டார்கள் என்று தெருவே காது கொடுக்கும். ஹுனைஸ் ஓட்டோவுக்குள் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவான். பெயர் காதில் விழாதவரை யாரும் சாகவில்லை என்பது அவன் கணக்கு.

அதற்காக அவன் ஜனாஸா வீட்டை எட்டிப் பார்க்காதவன் இல்லை. கதிரை இறக்குவது, தூரத்து உறவுகளை ஏற்றி வருவது, கபுர் வெட்டுகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டு போவது எல்லாவற்றுக்கும் முதல் ஆள். ஆனால் மையவாடி வாசலோடு அவன் பயணம் முடிந்துவிடும். உள்ளே மற்றவர்கள் மண் அள்ளிப் போடும்போது, யாரும் களவெடுக்கப் போகாத மோட்டார் சைக்கிள்களுக்கு வெளியே நின்று காவல் இருப்பான்.

இதை வைத்தே அவனை ஓட்டித் தள்ளுவார் மச்சான் ஹாசிம். கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா ரம்ஸியாவின் மாப்பிள்ளை. கண்டக்குழியில் படகு வைத்திருந்தார். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகும் பொரித்த மீனைக் கைவிடாத மனிதர். ஒருநாள் பகல் சாப்பாட்டில் சொன்னார்:

"நான் மௌத்தானா என்னக் கபுருக்குள்ள வைக்க நீதான் இறங்கணும். எனக்கென்ன ஆம்புளப் புள்ளயா இருக்கு?"

"வேற கதை கதைங்க மச்சான்."

"சரி, நீ மௌத்தானா நான் இறங்குறன். அது நல்லமா?"

ஹுனைஸுக்குச் சோறு மூக்கில் ஏறியது. ரம்ஸியா தண்ணீரை நீட்டிவிட்டு இரண்டு பேருக்கும் ஏசினாள். இருமல் அடங்கிய பிறகும் ஹாசிம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பகிடி இல்லை. ஹுனைஸ் ஓம், இறங்குறன் என்றான். அவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறவர் எங்கே மௌத்தாகப் போகிறார் என்ற துணிச்சல்தான்.

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், கரையில் வலை உதறிக்கொண்டு நின்ற ஹாசிம் அப்படியே உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை.

கண்டக்குழி மையவாடி முழுக்க மணல். வெட்ட வெட்டச் சரியும். தண்ணீர் ஊற்றி இறுக்கி, பக்கங்களுக்குப் பலகை கொடுத்துத்தான் கபுர் எடுப்பார்கள். மச்சானைச் சுமந்த சந்தூக்கு உள்ளே போக, ஹுனைஸின் கால்கள் வழக்கம்போல வாசலில் நின்றுகொண்டன. கபுர் வெட்டும் நூஹு நானா உள்ளேயிருந்து கேட்டார்:

"இறங்குறது ஆரு? மச்சான்காரனா? ஏலாட்டிச் சொல்லுங்க, நான் வைக்கிறன்."

அன்பாகத்தான் கேட்டார். சரி என்று தலையாட்டினால் போதும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் ஓம் வாங்கியவர் சந்தூக்கில் கிடந்தார். அவரிடம் போய் இனி மாற்றிச் சொல்ல முடியாது. ஹுனைஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தான்.

இறங்கி, மேலிருந்து இறக்கிய உடலைக் கையேந்தி வாங்கினான். மச்சானை வலப்பக்கமாக, தொழும் திசையான கிப்லாவைப் பார்க்கத் திருப்பி, கபன் துணியின் முடிச்சை அவிழ்த்து, கன்னத்தை மண்ணில் வைத்தான். அப்போது தலைமாட்டுப் பலகை இடுக்கால் மணல் ஒழுகத் தொடங்கியது. முகத்தில் விழப் போகிறதே என்று பதறி, உள்ளங்கையைக் குவித்து ஏந்திக்கொண்டான். நூஹு நானா பலகையை இறுக்கும்வரை அந்தக் கை அசையவில்லை. தனக்குப் பயம் என்பதை நினைக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஏறுவதுதான் பாடாகிவிட்டது. பருத்த உடம்பு, கால் வைத்த இடமெல்லாம் சரிந்தது. மூன்று பேர் பிடித்து இழுத்தார்கள்.

"பார்த்து ஏறுங்க தம்பி," என்றார் நூஹு நானா. "இது ஒரு ஆளுக்குத்தான் வெட்டினது."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு, கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தா அறையில் ரம்ஸியா அவனுக்காகக் காத்திருந்தாள். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. அங்கே நடந்ததைப் போனவர்கள்தான் வந்து சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் ஹுனைஸிடம் யாரும் கேட்டதில்லை.

"ஒழுங்கா வச்சியா?"

"ஓம் ராத்தா. கிப்லாவப் பார்த்து நல்லாப் படுத்திருக்கார்."

அவள் இன்னும் எதையோ எதிர்பார்த்து இருந்தாள்.

"உள்ளுக்குப் புழுக்கமில்ல. ஈர மணல். நல்ல குளிர்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். ஹுனைஸ் கதிரையை இழுத்துப் போட்டு, ஒன்றும் விடாமல் சொன்னான். நூஹு நானாவின் பகிடியையும் விடவில்லை. மச்சான் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.