ஆறு ஓட்டை, ஐந்து தோட்டா

துப்பாக்கிக் கடைக்குப் போனவர்கள் இவர்கள். என் தங்கை மாப்பிள்ளை. அவரோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கும் நண்பர். நான். கவுன்ட்டருக்குப் பின்னால் வெள்ளைக்கார அம்மா ஒருவர், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். வேறு யாரும் இல்லை. டெக்சாஸில் எங்கள் ரவுண்ட் ராக் ஊரில் சனிக்கிழமை காலை அந்த நேரத்துக்கு எல்லாரும் பிள்ளைகளை நீச்சல் கிளாசில் விட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான் ஹலால் கடையில் கறி வெட்டுகிறவன். எட்டாவது வரை படித்தேன். மாப்பிள்ளை எம்.எஸ். நண்பரும் எம்.எஸ். அவர்கள் பேசினார்கள், நான் நின்றேன். என்னைக் கூட அனுப்பியது தங்கை. "நீங்களும் போங்க காக்கா. ரெண்டு பேரையும் தனியா விட்டா பீரங்கி வாங்கிட்டு வந்துருவாங்க" என்றாள்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளையின் மேனேஜர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கௌபாய் வேஷம் கட்டிக்கொண்டு சுடப் போகிறவர். அந்தக் காலத்து ரிவால்வரைப் பார்த்து அதே மாதிரி இப்போது இத்தாலியில் செய்கிறார்கள். அதைத்தான் அங்கே சுடுவார்களாம். ஒவ்வொரு தடவையும் பின்னால் இருக்கும் கொக்கியைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டுத்தான் சுட வேண்டும். இந்த மாதம் நீயும் வா என்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறார்.

அதிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. ஆபீஸ் இன்னும் இவருடைய கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணவில்லை. மேனேஜர் சரி என்றால்தான் பண்ணுவார்கள். விசா அடுத்த வருஷத்தோடு முடிகிறது. ஆகவே இது விளையாட்டு இல்லை, இன்டர்வியூ என்று முடிவு கட்டிவிட்டார். மேனேஜர் துப்பாக்கியையே வாங்கிச் சுட்டால் போதாதா என்று கேட்டேன்.

"எக்ஸாமுக்கு யாராவது பேனா கடன் வாங்கிட்டுப் போவாங்களா மச்சான்?"



விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்க வேண்டும் என்றால் வேட்டை லைசென்ஸ் காட்ட வேண்டுமாம். போனிலேயே எடுத்துவிட்டார். நான் கோழி அறுக்கும்போது கடைக்கு வெளியே போய் நிற்கிற மனுஷன் இவர். மான் சுட லைசென்ஸ்.

நண்பர் லேப்டாப்பையே கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு டேபிள். குழல் நீளம், எடை, கைப்பிடி மரமா பிளாஸ்டிக்கா, யார் எத்தனை ஸ்டார் கொடுத்தார்கள். வாஷிங் மெஷின் வாங்கியபோதும் இதே டேபிளைத்தான் பார்த்தேன். தலைப்பு மட்டும் வேறு. நண்பருக்கு நாற்பத்தைந்து என்கிற பெரிய அளவுதான் வேண்டும். குழலும் நீளமாக இருக்க வேண்டும். நீளமாக இருந்தால் மரியாதையாம். மாப்பிள்ளை அதை இடுப்பில் செருகிப் பார்த்தார். உட்கார முடியவில்லை.

அந்த அம்மா இன்னொன்றை எடுத்து வைத்தார். குழல் குட்டை. மேனேஜர் சுடுவதும் இதே அளவுதான் என்று மாப்பிள்ளை அங்கிருந்தே மெசேஜ் போட்டுத் தெரிந்துகொண்டார். அதில் இரண்டு வகைத் தோட்டா போகும். மேக்னம் என்று பெரியது ஒன்று, முப்பத்தெட்டு என்று சாது ஒன்று. போட்டிக்குப் போகிறவர்கள் சாதுவைத்தான் வாங்குவார்கள், வெறும் ஈயக் குண்டு, கையை உதறாது என்று அந்த அம்மா சொன்னார்.

நண்பர் தமிழில் சொன்னார். "டேய், ரெண்டும் போகும்னா எவனாவது சின்னதை வாங்குவானா? உன் மேனேஜர் முன்னாடி பொட்டுவெடி வெடிக்கப் போறியா?"

அந்தக் குட்டைக் குழலையும், செம்பு உறை போட்ட குண்டுள்ள மேக்னம் டப்பாவையும் எடுத்தார்கள். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பில் போட்டார்.

சொன்ன சனிக்கிழமை நான்தான் வண்டி ஓட்டினேன். ஊருக்கு வெளியே ஒரு மேட்டு நிலம். மரப்பலகையில் ஜெயில், பேங்க், சாராயக் கடை என்று முகப்பு மட்டும் கட்டி வைத்திருந்தார்கள். பின்னால் ஒன்றும் கிடையாது. பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் சொந்தப் பெயரில் சுடுவதில்லை, ஆளுக்கொரு பட்டப்பெயர். மேனேஜர் நெஞ்சில் ஒரு தகர நட்சத்திரம் குத்தியிருந்தார். மாப்பிள்ளை புதுத் தொப்பியில் விலைச் சீட்டைக் கிழிக்கவில்லை. நான் கிழித்தேன்.

தோட்டா போடுகிற மேஜையில் ஒரு கிழவர் இருந்தார். டப்பாவைப் பார்த்ததும் மூடிக் கையில் கொடுத்துவிட்டார். இங்கே சுடுவது இரும்புத் தகட்டை, அதுவும் பக்கத்தில் நின்று. இந்தக் குண்டு சிதறித் திரும்பி வரும், ஆளைக் கிழிக்கும். மேக்னம் இங்கே கூடவே கூடாது. கிழவர் மாப்பிள்ளைக்குச் சொன்னது இவ்வளவுதான். மேனேஜர் சிரித்துக்கொண்டே தன் பையிலிருந்து முப்பத்தெட்டை எடுத்துக் கொடுத்தார். ஆக, கடன் பேனாதான்.

அதையாவது ஒழுங்காகப் போட்டாரா? இந்த மாதிரி ரிவால்வரில் ஆறு ஓட்டை இருந்தாலும் ஐந்துதான் போட வேண்டும். கொக்கிக்கு நேரே இருக்கும் ஓட்டை காலியாக இருக்க வேண்டும். அதிலும் தோட்டா இருந்தால், கீழே விழும்போது தானாக வெடித்துவிடும். கிழவர் எல்லாருக்கும் சேர்த்து ஒரு தடவை சத்தமாகச் சொன்னார். மாப்பிள்ளை தலையாட்டினார். ஆறு போட்டார். ஒன்றைச் சும்மா விட மனசு வரவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். இவர்கள் இப்படித்தான். பஃபேக்குப் போனாலும் தட்டில் இடம் விடமாட்டார்கள்.

கிழவர் எண்ணிப் பார்த்தார். ரிவால்வரை வாங்கி எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். நீ இன்றைக்குச் சுட வேண்டாம், உட்கார்ந்து பார் என்றார். கோபம் இல்லை. அவருக்கு அடுத்த ஆள் காத்திருந்தார்.

மாப்பிள்ளை தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். மேனேஜர் தன் முறையை முடித்துவிட்டு வந்து இவரை டிரக் பக்கம் கூப்பிட்டார். நானும் போனேன். என்னை யாரும் தடுக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் பேச வராது, கேட்டால் புரியும். மேனேஜர் குளிர்ந்த தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். ஆபீசில் வைத்துச் சொல்ல முடியாது, அதனால்தான் உன்னை இங்கே வரச் சொன்னேன் என்றார். நம் டீம் முழுசையும் வேலையை விட்டு எடுக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையோடு சரி. எனக்கும் சேர்த்துத்தான். உனக்குக் குழந்தை இருக்கிறது, விசா வேறு, இப்போதே வேறு இடம் தேடு.

மாப்பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்று. ஆறு தோட்டா போட்டதற்காகவா என்று கேட்டார்.

மேனேஜருக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை திரும்பவும் கேட்டார். அப்போதும் புரியவில்லை. நட்சத்திரத்தைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.  வேலை போகிற சேதியைச் சொல்லத் தகர நட்சத்திரம் குத்திக்கொண்டு வந்த ஆளுக்கும், அதைக் கேட்க மேக்னம் வாங்கிக்கொண்டு வந்த ஆளுக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பா செய்ய முடியும்?

திரும்பும்போது ஃப்ரீவேயில் மாப்பிள்ளை போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். நண்பர் வீட்டிலிருந்து மெசேஜ் போட்டுக்கொண்டே இருந்தார், எப்படிப் போச்சு, எப்படிப் போச்சு என்று. அவரும் அதே டீம்தான்.

தங்கை கதவைத் திறந்தாள். மாப்பிள்ளை நின்றபடியே சொன்னார். அவள் அழவில்லை. குழந்தையை என் கையில் கொடுத்தாள். வேலை போனால் இந்த விசாவில் இருப்பவர்கள் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு எத்தனை நாள் விடுவார்கள் என்று மட்டும் கேட்டாள்.

அறுபது.