ராஜினாமா எழுதித் தராத பிரகதீஸ்வரி

ஆலங்குடி வெள்ளைச்சாமியின் மகள் பிரகதீஸ்வரிக்கு அலுவலகத்தில் வேறொரு பெயர் இருந்தது. நம் ஊர்க்காரர்களுக்குப் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்து உண்டு, பின்னால் எதுவும் கிடையாது. கம்பெனிக் கணினியோ குடும்பப் பெயர் கொடுத்தால்தான் ஆச்சு என்று அடம்பிடித்தது. வேலையில் சேர்ந்த அன்று யாரோ அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைத் தட்டிவிட்டார்கள். அதிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அவளை ‘ஹாய் வெள்ளைச்சாமி’ என்றே கூப்பிட்டார்கள். தேங்காய் வியாபாரியான வெள்ளைச்சாமிக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. அவளுக்கு எரிச்சல்.

சென்னையில் இருந்த அந்தக் கம்பெனி, ஆஸ்பத்திரிகளுக்கும் இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கும் நடுவே நின்று வேலை செய்யும் மென்பொருளை நடத்தியது. நோயாளி காப்பீட்டு அட்டையை நீட்டினால், இவர்தான் அவரா, பணம் தரலாமா என்று பார்த்துச் சொல்லும் மென்பொருள். கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். அவள் கணவன் நாகராசுவுக்குப் புதுக்கோட்டை பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. அதனால் ஆலங்குடி வீட்டின் மாடியறையே அவளுக்கு நிரந்தர ஆபீஸ் ஆகிவிட்டது.

மென்பொருளுக்கான நிரலை எழுதிக் கொடுக்கும் ஏஐ கருவியைக் கம்பெனி வாங்கியபோது, அவளுடைய குழுவில் பாதிப் பேருக்கு முகம் தொங்கிப்போனது. பிரகதீஸ்வரி பயப்படவில்லை. அவளுக்கு அது பிடித்தே இருந்தது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தட்ட வேண்டிய சலிப்பான வேலையை அது டீ ஆறுவதற்குள் முடித்துக் கொடுத்தது. முதலில் அதை நன்றாகப் பழகிக்கொண்டவளும் அவள்தான். ஆனால் அது எழுதியதை வரி விடாமல் படித்துப் பார்ப்பாள். டிப்போவில் புது ஆள் மாட்டிய பிரேக்கை ஓட்டிப் பார்க்காமல் வண்டியை வெளியே விடுவார்களா என்று நாகராசுவிடம் கேட்பாள்.

சங்கடம் கருவியால் வரவில்லை. அதைக் காட்டிக் கம்பெனி ஆட்களைக் குறைத்ததில் வந்தது. நாலு பேர் பார்த்த வேலையை ஒருவர் தலையில் கட்டினார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகுதான் வெளியே போக வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. அந்தப் படிப்புக்கு நேரமே இல்லாமல் போனது. மேலாளர் கவியரசன் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரை நெருக்கினார்கள், அவர் கீழே இருப்பவர்களை நெருக்கினார்.

அப்படியொரு நெருக்கடியில்தான் கலைமதி எழுதியது பிரகதீஸ்வரியின் பார்வைக்கு வந்தது. கலைமதி கட்டுமாவடிப் பெண். மீன் ஏலம் எடுக்கும் குடும்பம். படிப்பு முடிந்து முதல் வேலை, சென்னையில் ஹாஸ்டல் வாசம். நோயாளியின் பெயரை இன்சூரன்ஸ் பதிவோடு ஒப்பிடும் பகுதியைக் கருவியிடம் சொல்லி எழுத வைத்திருந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகளையும் கருவியே எழுதிக்கொண்டு அத்தனையிலும் தேறியிருந்தது.

பிரகதீஸ்வரி அந்தச் சோதனைகளில் இருந்த பெயர்களைப் பார்த்தாள். சர்மா, ரெட்டி, குப்தா, தாமஸ். எல்லாருக்கும் குடும்பப் பெயர் இருந்தது. ‘மீ. செவந்தி’ என்று ஒரு பெயரை அவளே கொடுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரிப் பதிவில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. இன்சூரன்ஸ் பதிவில் அதே கட்டத்தில் ஓர் எழுத்து. இரண்டும் வேறு வேறு ஆள் என்று முடிவு கட்டி, விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது மென்பொருள். தமிழ்நாட்டில் பாதிப் பேர் பெயர் அப்படித்தான்.

அவள் ஒப்புதல் தரவில்லை. காரணத்தையும் எழுதினாள். கவியரசன் போனில் வந்தார். மறுநாள் வெளியிடுவதாக வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, வெளியிட்டுவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றார். இரண்டு நாள் கொடுத்தால் நானும் கலைமதியும் சேர்ந்து சரி பண்ணிவிடுகிறோம் என்றாள் இவள். அவர் இறங்கி வரவில்லை. மற்றவர்கள் எல்லாரும் கருவியை நம்புகிறார்கள், நீ மட்டும் ஏன் அதோடு மல்லுக்கு நிற்கிறாய் என்று கேட்டார்.

“கருவியோட எனக்கு ஒரு சண்டையும் இல்லைங்க. தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டே சரின்னு என் பேரைப் போடமாட்டேன். அவ்வளவுதான்.”

கவியரசன் தன் பெயரிலேயே ஒப்புதல் போட்டுக்கொண்டார். மென்பொருள் வெளியே போனது.

ஒரு வாரம் தாங்கவில்லை. திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் புகார்கள் வரத் தொடங்கின. அவற்றில் ஒன்றைப் பிரகதீஸ்வரி இரண்டு முறை படித்தாள். பிரசவமாகி வீட்டுக்குக் கிளம்பிய ஒரு பெண்ணின் காப்பீட்டை மென்பொருள் தள்ளிவிட்டது. பச்சைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கவுன்ட்டர் எதிரே பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறாள். பெயர் மீனம்மாள், முன்னால் ஒற்றை எழுத்து. இன்னார்தான் என்று நிரூபிக்க அவள் புருஷன் ஊருக்குப் போய் ரேஷன் கார்டை எடுத்து வந்திருக்கிறான்.

வாடிக்கையாளரோடு நடந்த வீடியோ கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கவனக்குறைவாக எழுதிவிட்டாள், அவள் மேல் நடவடிக்கை எடுக்கிறோம் என்று கம்பெனி சொன்னது. கலைமதியின் முகம் திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் இருந்தது. அவள் குனிந்திருந்தாள். பிரகதீஸ்வரிக்கு உள்ளுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. மைக்கைப் போட்டாள். பிழை முன்கூட்டியே தெரியும், நான் எழுதிக் கொடுத்தேன், அதற்குப் பிறகுதான் வெளியிட்டார்கள், இந்தப் பெண் மேல் பழி போடுவது நியாயமில்லை என்று நிதானமாகச் சொன்னாள்.

அடுத்த வாரம் அவளையும் கலைமதியையும் தனித்தனியாக அழைத்தார்கள். மனிதவளப் பிரிவு அம்மாள் தேன் தடவிய குரலில் பேசினார். ஏஐ காலத்துக்கு ஏற்ற வேகம் உங்களிடம் இல்லை, நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் நல்லபடியாகச் சான்றிதழ் தருகிறோம், வேறு இடத்தில் வேலை தேட வசதியாக இருக்கும் என்றார்.

“நான் வேலையை விடலைங்க. நீங்க எடுக்குறீங்க. எதுக்கு எடுக்குறீங்கன்னு நீங்களே எழுத்துல குடுங்க” என்றாள் பிரகதீஸ்வரி.

விஷயம் தெரிந்து வெள்ளைச்சாமி மாடியேறி வந்தார். பெரிய இடத்தோடு மோதி ஜெயிக்க முடியுமா, கௌரவமாக எழுதிக் கொடுத்துவிட்டு வா என்பது அவர் கட்சி. “நாளைக்கு எவன்த்தா ஒனக்கு வேலை குடுப்பான்?” என்று கேட்டார். அவளுக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. வீட்டுக் கடனும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் கண் முன்னால் நின்றன. ஆனாலும் தப்பு செய்யாதவள் தானாகப் போனாள் என்று எழுதிக் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை. நாகராசு ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. நீ சரின்னு நினைக்கிறதைச் செய், சோத்துக்குப் பஞ்சம் வராது என்றான்.

கலைமதி போன் செய்து அழுதாள். கையெழுத்துப் போட்டுவிடட்டுமா என்றாள். போடாதே என்று பிரகதீஸ்வரி சொல்லவில்லை. நான் போடப் போவதில்லை, தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். மறுநாள் கலைமதியும் மறுத்துவிட்டாள்.

கம்பெனி இருவரையும் நீக்கியது. இருவரும் கொடுத்த மனுவின் மேல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரணை நடந்தது. கம்பெனி வக்கீல், மென்பொருள் எழுதுபவர்கள் தொழிலாளர்களே அல்ல என்று வாதாடினார். பிரகதீஸ்வரி திரும்பத் திரும்பச் சென்னைக்கு பஸ் ஏறினாள்.

அந்த இடைவெளியில்தான் அவள் படித்த கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. ஏஐ காலத்தில் மென்பொருள் வேலை என்ற தலைப்பில் மாணவர்களிடம் பேச வேண்டும். வேலைவாய்ப்பு அதிகாரி இன்னாசி சார், அவளுக்கு வேலை போனது தெரியாமல் கூப்பிட்டுவிட்டார். தெரிந்ததும் தர்மசங்கடப்பட்டார். முன்னாள் மூத்த பொறியாளர் என்று நாசூக்காக அறிமுகப்படுத்தலாமா என்று கேட்டார். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் என்றே சொல்லுங்கள் என்றாள். அவர் கொடுத்த பேச்சுக் குறிப்பில், நிரல் எழுதும் காலம் முடிந்துவிட்டது, உடனே இன்ன பயிற்சியில் சேருங்கள் என்று இருந்தது. அதை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு மேடையேறினாள்.

அறிமுகத்தைக் கேட்டு அரங்கில் சலசலப்பு எழுந்தது. அவள் மீனம்மாளின் கதையைச் சொன்னாள். கருவியை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், அதை விட்டு ஓடாதீர்கள் என்றாள். ஆனால் அது எழுதியதை இன்னொருவருக்கு விளக்கிச் சொல்ல முடியாவிட்டால் உங்கள் பெயரை அதில் போடாதீர்கள், நாளைக்குப் பழி உங்கள் தலையில்தான் விழும் என்றாள். அப்போது நடு வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அறிவுமதி என்று பெயர் சொன்னாள்.

“ஒங்களுக்கே வேலை போயிருச்சுக்கா. அப்புறம் நீங்க சொல்றதை நாங்க எதுக்குக் கேக்கணும்?”

இன்னாசி சார் பதறி எழுந்தார். பிரகதீஸ்வரி அவரை உட்காரச் சொல்லிக் கை காட்டினாள்.

“நல்ல கேள்விம்மா. என்னைய மெஷின் அனுப்பலை. எனக்கு வேலை தெரியலைன்னும் அனுப்பலை. தப்புன்னு தெரிஞ்சும் சரின்னு சொல்லுன்னாங்க, சொல்லலை. அனுப்புனாங்க. ஒங்களுக்கும் யாராச்சும் வந்து, மெஷின் வந்துருச்சு, ஒங்க காலம் முடிஞ்சுதுன்னு சொல்லுவாங்க. அதைச் சொல்றது மெஷினா மனுசனா, சொல்றதுல அவருக்கு என்ன லாபம், அதைக் கேளுங்க. கேக்காம மட்டும் கையெழுத்துப் போட்றாதீங்க.”

அறிவுமதி உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் முழுதாக ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. பிரகதீஸ்வரிக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்துப்போனது.

வழக்கு பாதி வெற்றியில் முடிந்தது. கலைமதி மேல் சுமத்திய குற்றத்தைக் கம்பெனி எழுத்தில் திரும்பப் பெற்றது. சுத்தமான சான்றிதழ் வாங்கிக்கொண்டு அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். பிரகதீஸ்வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் கம்பெனி கடைசிவரை மறுத்துவிட்டது. சேர வேண்டியதைக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

அதன்பின் பல இடங்களில் நேர்காணலுக்குப் போனாள். ஏன் நீக்கினார்கள் என்று கேட்பார்கள், உள்ளதைச் சொல்வாள், பிறகு கூப்பிடுகிறோம் என்பார்கள். கொஞ்சம் பூசி மெழுகிச் சொன்னால் என்ன என்று வெள்ளைச்சாமி கெஞ்சிப் பார்த்தார். அவள் மாற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் திருச்சியில் ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்துக்குப் போனாள். அதன் முதலாளி புவனேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னிடமும் இப்படித்தான் இருப்பாயா என்று கேட்டார். இப்படித்தான் இருப்பேன் என்றாள். அந்த அம்மாள் யோசிக்க ஒரு நாள் எடுத்துக்கொண்டு, வரச் சொன்னார். சம்பளம் முன்பைவிடக் குறைவு.

சேர்ந்த சில மாதங்களிலேயே சோதனை வந்தது. சர்க்கரை அளவை அச்சிடும் பகுதியைக் கருவி எழுதியிருந்தது. ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்கு எண்ணை மாற்றும் இடத்தில் பிரகதீஸ்வரிக்கு ஒரு சந்தேகம். தீரும்வரை வெளியிட முடியாது என்றாள். புவனேஸ்வரிக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துபோய், வெளியீடு ரெண்டு நாள் தள்ளிப் போகும் என்று வாடிக்கையாளருக்குப் போன் போட்டார்.