ஆறாவது போர்ட்டில் கேபிள் இல்லை

முப்பது ஆண்டுகள் மின்னியல் கற்பித்தவன் நான்; சுங்கைப்பட்டாணியில் எங்கள் திருச்சபையின் மூப்பர்களில் ஒருவன். பேய், ஆவி என்று பேச வந்தவர்களுக்கு என் வீட்டில் நாற்காலி போட்டதில்லை. இனி நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், உங்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன்.

கரங்கான் ஊருக்கு அப்பால் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் சீரியல் கேபிள்களால் ஒரு கன்சோல் சுவிட்சோடு இணைத்து, எல்லாவற்றையும் அலுவலகத்தின் ஒரே திரையில் பார்க்கும்படி அமைத்துத் தர என்னை அழைத்திருந்தார்கள். சுவிட்சில் கேபிள் செருகும் போர்ட்டுகள் எட்டு, ஐந்துக்குத்தான் கேபிள்.

ஐந்தாவது கேபிள் டைஜஸ்டருக்கு. பழத்தைக் கூழாக்கும் பெரிய தொட்டி அது. உள்ளே இரும்புக் கைகள் சுழலும். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கைப்பிடியில் எண்ணெய்ப் பிசுக்கேறிய தொப்பி ஒன்று தொங்கியது. இரண்டு விரலால் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, கேபிளைச் செருகித் திரும்பினேன். தொட்டிக்குள் இறங்குகிறவன் தன் தொப்பியை அங்கே மாட்டிவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளே ஃபிட்டர் மணியம் இருந்தான். ஆலை இரைச்சலில் அவன் தட்டும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

அலுவலகத்தில் உட்கார்ந்து போர்ட்டுகளில் தகவல் வந்துபோகும் வேகத்தை அமைத்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகல் மூன்று மணி. ஆறாவது போர்ட்டிலிருந்து எழுத்துகள் வரத் தொடங்கின. அதில் கேபிள் இல்லை. ரப்பர் மூடியைக்கூட நான் கழற்றவில்லை. மலாயில் ஒரே வரி: உள்ளே ஆள் இருக்கிறான், உதவுங்கள்.

எரிச்சலோடு வேகத்தை மாற்றினேன். வேகம் பொருந்தாவிட்டால் எழுத்துகள் சிதைந்து குப்பையாகத்தான் வரும், இதை வகுப்பு வகுப்பாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். நம்பினாலும் நம்பாவிட்டாலும், எந்த வேகத்திலும் அந்த வரி ஓர் எழுத்தும் பிசகாமல் வந்துகொண்டே இருந்தது. நான்கு நிமிடங்கள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

பிறகு டைஜஸ்டர் பக்கமிருந்து அலறல் கேட்டது. ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அறைந்து நிறுத்தினேன். இரும்புக் கை மணியத்தின் வலது காலைத் தொட்டிச் சுவரோடு வைத்து அரைத்திருந்தது. தூக்கியபோது முழங்காலுக்குக் கீழே எதுவும் கூட வரவில்லை.

அவனுடைய அண்ணன் ஸ்பேனரோடு பாய்ந்து, இயந்திரத்தை ஓட்டிய குமாரின் வாயிலேயே அடித்தான்.

“உள்ள என் தம்பிடா! தொப்பி கண்ணுக்குத் தெரியல?”

“சத்தியமா தொப்பி இல்லண்ணே! இருந்தா அமுக்குவனா லா?”

இரண்டாவது அடியில் பற்கள் சிமெண்டில் தெறித்தன. மூன்றாவதில் தாடை ஒடிந்தது. என் விரல்களில் இன்னும் அந்தப் பிசுக்கு இருந்தது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

குமாருக்கு வேலை போயிற்று. இரண்டு வாரம் கழித்துக் கூலிம் மருத்துவமனையில் மணியத்தைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“சார்தான் ஓடியாந்து நிப்பாட்டினீங்களாமே. உள்ள என்கூட இன்னொருத்தன் உக்காந்திருந்தான் சார். மூஞ்சி தெரியல. பயப்படாத, சார் படிச்சிக்கிட்டுதான் இருக்காரு, இப்ப வந்துருவாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். படிச்சீங்களா சார்?”

இல்லை என்றேன்.

மணியம் என் கையை விட்டான். கட்டிலின் மறுபக்கம் கிடந்த காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான். யாரோ பேசி முடிக்கும்வரை கேட்பவனைப் போலக் காதைச் சாய்த்து, மெதுவாகத் தலையாட்டினான்.