ஆரம்பாக்கத்தில் எந்தப் பக்கம்?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் ஒரு மணி. கம்பெனி கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்து ஒரு வாய் வைத்திருப்பேன்... போன் அடித்தது. அயர்லாந்திலிருந்து வித்யா. என் கல்லூரித் தோழி. மூன்று வருடம் இருவருக்கும் ஒரே ஹாஸ்டல் அறை. அங்கே அப்போது காலை எட்டரை. வீட்டுக்காரரை ஆபீசுக்கு அனுப்பிவிட்டு நிதானமாகப் பேசக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

அங்கே குளிரா, இங்கே மழையா என்றெல்லாம் பேசி முடித்தோம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சாந்தி, அந்தப் பொண்ணைப் பத்தி நீ ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

எனக்குப் பகீரென்றது. நான் சொல்லி அவள் வீட்டில் தங்கப் போன எஸ்தர் எதையாவது உடைத்துவிட்டாளா? உடம்புக்கு ஏதாவதா? என்னடி ஆச்சு என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகலை. நல்ல பொண்ணுதான். இவருக்குத்தான் கொஞ்சம் சங்கடமா இருக்கு. பூஜை ரூம் எல்லாம் இருக்கிற வீடு... உனக்குத் தெரியாததா?"

அவள் எதைச் சொல்கிறாள் என்று பிடிபடப் பத்து விநாடி ஆனது. பிடிபட்டதும் தட்டைத் தள்ளி வைத்தேன்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரை மாற்றவில்லை.

கும்மிடிப்பூண்டியில் நான் ஹெச்.ஆர். வேலை பார்ப்பது வாரா வாரம் படிக்கும் உங்களுக்குத் தெரியும். எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் சகாயமேரி என்று ஒருவர். பன்னிரண்டு வருட சர்வீஸ். தினமும் ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் வருகிறவர். வீட்டுக்காரருக்குத் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. இருவரின் பெற்றோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். ஒரே பெண், எஸ்தர். ஃபுட் டெக்னாலஜி படித்தாள். மேல்படிப்புக்கு ஸ்காலர்ஷிப்போடு அயர்லாந்தில் இடம் கிடைத்தது. அன்று பேக்கிங் செக்‌ஷன் முழுக்க கேசரி வாசனை.

ஒரே ஒரு சிக்கல். யுனிவர்சிட்டியில் தங்க அறை கிடைக்க ஒரு மாதம் ஆகும். தெரியாத தேசத்தில் பெண்ணை எங்கே தங்க வைப்பது? சகாயமேரி தூக்கமில்லாமல் கிடந்தார். அப்போது பெரிய மனுஷி மாதிரி நடுவில் புகுந்தவள் நான்தான். என் பிரெண்டு வீடு இருக்கிறது, கவலையே படாதீர்கள் என்றேன். வித்யாவும் உடனே பதில் போட்டாள் — நம்ம ஊர்ப் பொண்ணு வெளியில் தங்குவதா, அனுப்பு என்று.

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. நல்ல காரியம் செய்கிறோம் என்று நினைக்கும்போது நாம் எதையும் விசாரிப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

அதன் பிறகு நடந்ததையெல்லாம் எஸ்தர் என்னிடம் ஒன்று விடாமல் சொன்னாள்.

முதல் நாள் வித்யா விமான நிலையத்துக்கே போய் அவளைக் கட்டிக்கொண்டாள். பருத்திச் சுடிதாரில் நடுங்கிக்கொண்டு நின்றவளுக்குத் தன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டாள். வீட்டில் சாம்பார், அப்பளம், சுடச்சுட ரசம். டைனிங் டேபிளில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் போட்டோ அன்றே எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிட்டது. 'நம்ம ஊர்ப் பொண்ணு நம்ம வீட்டில்.' கீழே வரிசையாக இதயங்கள். நானும் ஒன்று போட்டேன்.

இரண்டாம் நாள் சாப்பிடும்போது வித்யாவின் கணவர் கேட்டார்.

"எனக்கும் அந்த ஏரியாதாம்மா. ஆரம்பாக்கத்துல எந்தப் பக்கம்?"

கேட்பதற்கு என்னவோ வழி விசாரிக்கிற மாதிரி இருக்கிறது இல்லையா? எஸ்தருக்குத் தெரியும். பள்ளியில், காலேஜ் பஸ்ஸில், இன்டர்வியூவில்... கேட்டுக் கேட்டு வளர்ந்த கேள்வி. ஸ்டேஷன் பக்கம் என்று மழுப்பியிருக்கலாம். அவள் மழுப்பவில்லை. காலனி என்றாள்.

அவர் "ஓ, சரி சரி" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். யாருக்காவது இன்னும் ரசம் வேண்டுமா என்று வித்யா கேட்டாள். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை எஸ்தரின் அறைக்கே சாப்பாடு வந்தது. புதுத் தட்டு, புது டம்ளர், புது ஸ்பூன். கடை ஸ்டிக்கர் கூட உரிக்கவில்லை. படிக்கிற பெண், தொந்தரவு இல்லாமல் இங்கேயே சாப்பிடு என்றாள் வித்யா. சாப்பிட்டுவிட்டு இதையெல்லாம் பாத்ரூம் குழாயிலேயே கழுவிக்கொள், பாத்திரம் கழுவும் மெஷினில் போட வேண்டாம் என்றும் சொன்னாள். கிச்சன் பக்கம் வராதே, அடுப்பு உனக்குப் பழக்கமில்லாதது என்றும் சொன்னாள்.

குளிருக்குக் கொடுத்த கோட்டைத் துவைத்து மடித்து எஸ்தர் திருப்பிக் கொடுத்தாளாம். வித்யா கை நீட்டி வாங்கவில்லை. "பரவாயில்லை, நீயே வெச்சுக்கோ" என்றாளாம். தாராள மனசாம்!

யாரும் திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. எல்லாம் சிரித்த முகத்தோடுதான் நடந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் ஓர் ஊறுகாய் பாட்டிலைக்கூட விமானத்தில் ஏற்ற விடமாட்டேன் என்கிறார்களே... இதை மட்டும் எப்படி ஏற்றிக்கொண்டு போனார்கள்? எந்த ஸ்கேனரிலும் மாட்டவில்லையா?

மறுபடியும் அந்த போனுக்கு வருகிறேன்.

எந்தத் தைரியத்தில் இதை என்னிடம் சொல்கிறாய் என்று வித்யாவைக் கேட்டேன். கேன்டீனில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவள் கத்தவில்லை.

"உங்க வீட்டுல மட்டும் என்னடி? லீவுக்கு வந்தப்ப நான் பார்த்திருக்கேனே."

பார்த்திருக்கிறாள். எங்களுக்கு நிலம் இருந்தது. அவள் வந்த வருடம் அறுவடைக்கு வந்தவர்களுக்குப் பின்பக்கச் சுவரோரம் தனி டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருக்கும். அவர்களே எடுத்துக் கழுவிப் பிடிப்பார்கள். டம்ளரில் சொம்பு படாமல் உயரத்திலிருந்து காபி ஊற்ற வேண்டும். அன்றைக்கு ஊற்றியது என் அம்மா இல்லை. நான். எனக்குப் பத்தொன்பது வயது. விவரம் தெரியாத வயதா அது? பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவள் வித்யா. அன்று நாங்கள் இருவருமே அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால்தான் 'உனக்குத் தெரியாததா' என்று அவளால் என்னிடம் உரிமையோடு கேட்க முடிந்தது. அந்த உரிமையை அவளுக்குக் கொடுத்தவள் நான்.

"அன்னைக்கு நான் செஞ்சதும் அசிங்கம். இன்னைக்கு நீ செய்றதும் அசிங்கம். நான் இருபத்தஞ்சு வருஷம் லேட்டா சொல்றேன், அவ்வளவுதான்" என்றேன். அவள் அழுதாள். வேளா வேளைக்குச் சோறு போட்டவளைப் போய் இப்படிப் பேசுகிறாயே என்றாள். போனை வைத்துவிட்டேன்.

உடனே எஸ்தரைக் கூப்பிட்டேன். வேறு இடம் பார்க்கிறேன் என்று நான் ஆரம்பிப்பதற்குள், தானே பார்த்துவிட்டதாகச் சொன்னாள். முந்தின நாளே யுனிவர்சிட்டி அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். மாணவர்களைத் தங்க வைக்கும் உள்ளூர்க் குடும்பங்களின் பட்டியல் அங்கே இருக்கிறதாம். இருக்கிற வீட்டை ஏன் மாற்ற வேண்டும் என்று அங்கிருந்த பெண்மணி கேட்க, இவள் விளக்கியிருக்கிறாள். அந்த அம்மாளுக்குப் புரியவே இல்லை. அவர்களும் உங்கள் ஊர்க்காரர்கள்தானே என்று இரண்டு முறை கேட்டாராம்.

"ஆமா, அதனாலதான்னு சொன்னேன் ஆன்ட்டி" என்றாள் எஸ்தர்.

வெள்ளிக்கிழமை வேறு வீடு. ஒரே ஒரு வேண்டுகோள் மட்டும் வைத்தாள். "அம்மாவுக்குத் தெரிய வேணாம். அழும்."

அடுத்த நாள் டீ பிரேக்கில் சகாயமேரியே என் மேஜைக்கு வந்து நின்றார். தலையில் பேக்கிங் செக்‌ஷன் தொப்பி. கையில் கிளவுஸ்.

"பாப்பாவுக்குத் தனித் தட்டு வெச்சிக்கிறாங்களா மேடம்?"

எஸ்தர் சொன்னாளா என்று கேட்டேன்.

"அது எங்க சொல்லும்? வீடியோ கால்ல பார்த்தேன். மொத நாளு எல்லாரோட டேபிள்ல குந்திகினு துன்னுச்சு. அப்பால பெட் மேல ஒண்டியா துன்னுகினு கீது. கேட்டா படிக்கிறேன்னுது. எனக்குத் தெரியாதா மேடம்?"

மன்னித்துவிடுங்கள் என்றேன். பரவாயில்லை மேடம் என்று அவர் சொல்லுவார் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் சொல்லவில்லை.

"நாங்க யாரு இன்னான்னு எல்லாரும் கேக்கறாங்க. அவங்க எப்படிப்பட்டவங்கன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டு இருக்கலாம்."

சொல்லிவிட்டு செக்‌ஷனுக்குப் போய்விட்டார். வேலைக்கு வருகிறவர்களைத் துருவித் துருவி விசாரிப்பதுதான் என் தொழில். மனு எழுதுகிறவரிடம் மட்டும்தான் இத்தனை வருடமும் கேள்வி கேட்டிருக்கிறேன்.

அன்று மாலையே எஸ்தரிடம் அனுமதி கேட்டேன் — நடந்ததை குரூப்பில் எழுதலாமா? என் பெயரைப் போடாதீர்கள், அவர்கள் பெயரைப் போடுங்கள் என்றாள். போட்டேன். மூன்றாம் நாள் தட்டு வரை எல்லாவற்றையும் எழுதினேன். பின்கட்டில் நான் காபி ஊற்றியதையும் சேர்த்து எழுதினேன்.

போட்டோவுக்கு அத்தனை இதயங்கள் போட்டவர்கள் இதற்கு ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. வித்யா குரூப்பை விட்டு வெளியேறினாள். அப்புறம் தனித்தனியாக மெசேஜ் வர ஆரம்பித்தது. இதெல்லாம் பெர்சனல், குரூப்பில் எதற்கு என்று ஒருத்தி. என்ன இருந்தாலும் சாப்பாடு போட்டாளே என்று ஒருத்தி. உனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று இன்னொருத்தி.

ஏன் கோபமா? இன்னும் அதிகமாக வரவில்லையே என்றுதான் எனக்குக் கவலை. இருபத்தோரு வயதுப் பெண், முதல் முறையாக விமானம் ஏறி, ஆறு தேசம் தாண்டிப் போய், பாத்ரூம் குழாயில் தட்டைக் கழுவிக்கொண்டு நின்றிருக்கிறாள். இதில் பெர்சனல் எது?

எஸ்தர் சொன்னபடி வெள்ளிக்கிழமை வீடு மாறினாள். கோட்டை அந்த வீட்டு நாற்காலியிலேயே மாட்டிவிட்டு வந்தாளாம். இப்போது அவள் இருப்பது பஸ் ஓட்டும் ஓர் அம்மாள் வீட்டில். அவரும் ஒன்றும் தேவதை இல்லை. எட்டு மணிக்கு மேல் ஹீட்டர் போட விட மாட்டார், ஷவரில் ஐந்து நிமிடம் தாண்டினால் கதவைத் தட்டுவார். போன ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் மீன் வறுக்க, வீடெல்லாம் வாசனை என்று பெரிய சண்டையாம். சண்டை போட்டுவிட்டு, அதே மேஜையில் எதிரே உட்கார்ந்து இரண்டு துண்டு சாப்பிட்டிருக்கிறார்.

சண்டை மீனோடுதான். மீன் வறுத்தவளோடு இல்லை.