வீரம்மா கூட்டிப்போகும் அருவி

ஞாயித்துக்கிழமையானா என் பொஞ்சாதி வீரம்மாவுக்கு வீட்டுல கால் தங்காது. இலங்கையில இருந்து கப்பலேறி, கூடலூர் பக்கம் எங்க எஸ்டேட்டுக்குப் புதுசா வந்த குடும்பங்களை லயத்து வரிசை வீடுகள்ல இருந்து கிளப்பி, காட்டு அருவிக்குக் கூட்டிக்கிட்டுப் போவா. புளிச்சோத்து மூட்டையைச் சுமக்கிறது நான்.

வழியெல்லாம் அதட்டல்தான். "காலுல உப்பைத் தேய்ங்க, அட்டை ஏறும்! பாசிப் பாறையை மிதிக்காதீங்க!"

அருவிக்குக் கீழே பாறைகளுக்கு நடுவுல, இடுப்பளவுக்குத் தண்ணி கண்ணாடி மாதிரி தேங்கி நிக்கும். போன வாரம் வந்த தங்கையா, எல்லாப் புது ஆளுங்களையும் போல கரையிலயே நின்னார். இலங்கையில அவர் வேலை செஞ்ச பதுளைத் தோட்டத்துல மேலாத்துத் தண்ணி துரை பங்களாவுக்குப் போறது. அதுல குளிச்சா வேலை போயிடும்.

"அக்கா, ஆபீஸ்ல உத்தரவு வாங்கியாச்சுங்களா?"

வீரம்மா அவர் முதுகுல கை வச்சா. ஒரே தள்ளு. தொபுக்கடீர்னு விழுந்த மனுசன் எழுந்து நின்னு சிரிக்க ஆரம்பிச்சார். பிள்ளைங்களும் பின்னாலயே குதிச்சிட்டாங்க.

"ஏம்புள்ள, வாயால சொல்லக் கூடாதா?"ன்னு கடிஞ்சுக்கிட்டேன்.

"உங்களுக்கு வாயாலதான் சொன்னேன். கேட்டீங்களா?"

எழுபத்திரண்டுல நாங்களும் கப்பல்ல வந்த புதுசுல, அவ வேண்டாம்னு சொல்லியும் கேக்காம, இங்க குளிக்க அனுமதி கேட்டு ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். கிளார்க் அதை எல்லாருக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டினார். அவர் சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள வீரம்மா காகிதத்தைப் பிடுங்கிட்டா.

அடுத்த ஞாயிறு, முதல் ஆளா அவ தள்ளிவிட்டது என்னைத்தான்.